நாற்பது லரி

அக்கா என்னை விற்றது ஒரு சனிக்கிழமை.
திபிலீசியில், உலர்பாலத்துச் சந்தையில்,
பழைய கேமராக்களுக்கும்
காது உடைந்த கோப்பைகளுக்கும் நடுவே
ஒரு போர்வை விரிக்கும் அளவு இடத்தில்.

விற்றது படத்தைத்தான்.
சோபாவில் வாய் பிளந்து தூங்குகிறேன்,
ஒரு காலில் மட்டும் காலுறை.
மாவு வந்த பையின் பழுப்புத் தாள், கரித்துண்டு,
அவ்வளவுதான் முதல்.

அதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் வழக்கு:
பதினாறு வயதில் படம் விற்கப் போகலாமா?
'கணக்குப் பரீட்சையை யார் எழுதுவார்,
உன் நாய்க்குட்டி பொம்மையா?' என்றாள் அம்மா.
ஓவிய வாத்தியார் அன்சோர், 'இப்போதே விற்றால்
கை கெட்டுப்போகும்' என்றார்.
'கை நன்றாகத்தான் இருக்கிறது,
பூட்ஸ்தான் கெட்டுப்போயிருக்கிறது' என்றாள் தெக்லே.
போலந்தில் சரக்கு வண்டி ஓட்டும் அப்பா
போனில் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, 'நான் அனுப்புவது போதவில்லையா?'
இல்லை இல்லை, போதும் என்றாள் அம்மா.
போனை வைத்த பிறகு
சுவரைப் பார்த்து, 'போதாது' என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்குப் பதினொன்று. மேலும், நான்தான் சரக்கு.

முதலில் அறுபது என்று எழுதினாள்.
அழித்து இருபத்தைந்து.
அதையும் அழித்து நாற்பது.
இரண்டு சனிக்கிழமை போணியே ஆகவில்லை.
தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டு வைப்பதுபோல
எடுத்தார்கள், வைத்தார்கள்.
ஒருவர் தன் மகன் இதைவிட நன்றாக வரைவான் என்றார்.
ஒருத்தி போனில் படம் பிடித்துக்கொண்டு
நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.
ஆற்றுக்காற்று என்னில் ஒரு நகலைத் தூக்கிப்போய்
ஈரமான கார் ஒன்றின் நெற்றியில் ஒட்டியது.
அக்கா ஓடிப்போய் உரித்தாள். பாதி முகம் அங்கேயே தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் ஹானோவரிலிருந்து ஒரு பல் மருத்துவர்.
பேரமே பேசவில்லை.
நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டுவாராம்.
இப்போதும் அங்கே யாராவது
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
என் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மெட்ரோவில் கீழே இறங்கும்
அந்த முடிவில்லாத எஸ்கலேட்டரில்
அவள் பணத்தை எண்ணவில்லை.
கோட்டுப் பைக்குள் கை, கைக்குள் நோட்டு.
பறவையைப் பிடித்து வந்ததுபோல் நின்றாள்.

இருபது லரியைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் செருகினாள்.
இரண்டு நாள் அம்மா தொடவில்லை.
மூன்றாம் நாள் அது பாலாடைக்கட்டியாகி
மேசைக்கு வந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை. நன்றாகத் தின்றோம்.

பிறகுதான் நாய்கள் வந்தன.
பல் மருத்துவரின் தங்கை தன் நாயை வரையச் சொன்னாள்.
அவள் தோழி. தோழியின் பக்கத்து வீடு.
புகைப்படம் வரும், முன்பணம் வரும்,
கூடவே ஒரு வரி: முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கட்டும்.
ஒன்பது நாய்கள்.
என் வாயை மூடி வரையத் தெரியாதவள்
நாய்களைச் சிரிக்க வைத்தாள்.
ஆறாவது நாயின்போது
பார்க்காமலே காது வரைந்ததைப் பார்த்தேன்.

பூட்ஸ் வந்தது. நல்ல பூட்ஸ்.
நான்காவது நாய் எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தது,
அதனால் நாய்களைப் பற்றி
நான் எதுவும் சொல்வதற்கில்லை.
கணக்கில் அவள் தேறினாள், மயிரிழையில்.

நேற்று ராத்திரி
ஒரு காலுறையைக் கழற்றிவிட்டு
சோபாவில் வாய் பிளந்து படுத்தேன்.
வெகுநேரம் கழித்து விளக்கு எரிந்தது.
தாளில் கரி உரசியது.
வரைகிறாளா, விலை எழுதுகிறாளா?
கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்
இரண்டும் ஒரே சத்தம்.
'மூக்கை ஆட்டாதே, நடிகா' என்றாள்.

காலையில் படம் சோபாவுக்கு அடியில் கிடந்தது.
இந்தத் தடவை முழங்கால் கோணல்,
அழித்து அழித்துத் தாளே நைந்திருந்தது.
திருப்பினேன்.
பின்பக்கம்: அறுபது.
அழிக்கவில்லை.

பள்ளிக்கூடம் வரைக்கும்
புது பூட்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.
இருபது லரி ஏறியிருக்கிறேன்.