பெடலில் எத்தனை வரி

நெஞ்சைத் தேற்றிய மாத்திரை
போகும்போது என் பாதங்களைக்
கேட்டு வாங்கிக்கொண்டு போனது.
ஆறு மாதம், ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன்.
இருமல் நின்ற வாரத்தில்தான்
தலைக்குந்தா முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போய்
ஒற்றைச் செருப்போடு திரும்பினேன்.
மற்றது எங்கே கழன்றதென்று
காலுக்குத் தெரியவில்லை.
மரியபுஷ்பம் டார்ச் எடுத்துக்கொண்டு போனாள்.
சாணிக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்ததாம்.

கல்லட்டியில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு.
பதினோரு வருஷம் அதில் பஸ் இறக்கியவன் நான்.
பிரேக்கைக் குனிந்து பார்த்து மிதிக்கிறவனுக்கு
வண்டி தரமாட்டார்கள்.
தரக் கூடாது.
டெப்போவில் ஒரு நாற்காலி போட்டு
டீசல் கணக்கு எழுதச் சொன்னார்கள்.

அப்புறம் வேறொரு மாத்திரை.
"வலிக்க ஆரம்பித்தால் வந்து சொல்லுங்கள்" என்றார் டாக்டர்,
மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவரைப் போல.

தை மாதம், இரவு இரண்டு மணி.
பெருவிரலுக்குள் யாரோ தீக்குச்சி உரசினார்கள்.
பற்றவில்லை.
மறுபடி உரசினார்கள்.
பிறகு எறும்பு.
சர்க்கரைக்கு வரிசை கட்டுகிற எறும்பில்லை,
புற்று மிதிபட்ட எறும்பு.
போர்வை நுனி பட்டால்
பலகை விழுந்த மாதிரி இருந்தது.
கேரட் அள்ளும் கூடையைப் பாதத்தின் மேல் கவிழ்த்து
அதற்கு மேல் கம்பளியைப் போர்த்தினாள் இவள்.
நீலகிரிக் குளிர் முழுக்க
அந்தக் கூடைக்குள் புகுந்து படுத்துக்கொண்டது.

விடிந்தபோது உறைபனி.
புல்லெல்லாம் கல்லுப்பு கொட்டிய வெள்ளை.
யாரும் சொல்லாமல் வெறுங்காலை வைத்தேன்.
சுட்டது.
பனி, சுட்டது.
குண்டம் இறங்கியவனைப் போல நாலே எட்டில் ஓடி
துணி துவைக்கும் கல்லில் ஏறினேன்.
கல்லும் சுட்டது.
(பிசியோதெரபி ஷைனி சிஸ்டர் இதற்காக
பத்து நிமிஷம் மலையாளத்தில் திட்டினார்.)

குளிரைச் சூடென்று வாசிக்கிறது நரம்பு.
பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டுத் திரும்ப வந்த பையன்
ளகரத்துக்கு ழகரம் வாசிப்பதைப் போல.
வாசிக்கட்டும்.
வாயே திறக்காமல் இருந்த மாதங்களுக்கு
இது எவ்வளவோ மேல்.

டாக்டர் இதை ஒயர் என்கிறார்.
கண்டக்டர் பெள்ளி நிலச்சரிவு என்கிறான்:
மண்ணை அள்ளியாச்சு,
ஆனால் இன்னும் ஒருவழிதான்,
பச்சைக்கொடி காட்டுகிற ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறான்.
எனக்கு எந்த உவமையும் சரியாகப் பொருந்தவில்லை.
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
முட்டிக்குக் கீழே நானூற்றுச் சொச்சம்.
ஏற்றத்தில் மரலாரிக்குப் பின்னால் மாட்டியபோதுகூட
இத்தனை மெதுவாக நான் போனதில்லை.

மாசியில் ஒரு வாரம் வலி வரவில்லை.
கடைசி பஸ்ஸில் வரவேண்டிய ஆள் வராத மாதிரி
உட்கார்ந்திருந்தேன்.
ஊசியால் குத்திப் பார்த்தேன்.
விரலைத் தீயருகே கொண்டுபோன இரவும் உண்டு,
அதை இவளிடம் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பூசையில்
எல்லோரும் முழங்காலிட்ட நேரம் திரும்பி வந்தது.
"அய்யோ" என்றேன், கோயில் அதிர.
முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நேற்று ஷெட்டில் ஏலத்துக்கு நிற்கிற வண்டி.
பேட்டரி இல்லை, கண்ணாடி இல்லை,
டிரைவர் சீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது.
ஓரமாய் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டு
வலது காலை பிரேக்கில் வைத்தேன்.
தேய்ந்த ரப்பர்.
அதில் மேடு, பள்ளம், மேடு.
"இரண்டு வரி உறுதி" என்றேன்.
"மூன்றாவது இருக்கலாம்."

பெள்ளி குனிந்து
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினான்.
நாலு, என்றான்.

சரி,
அந்த நாலாவதுக்கு
இன்னொரு நாள் வருகிறேன்.