ஓர் எழுத்து

கோத்தகிரிப் பரிசோதனைக் கூடத்தில்
ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவது என் வேலை.
மாசி மாதம். வெளியே சீகை மரம்
மஞ்சளாய் இரைந்துகொண்டிருக்கிறது.
ஜன்னலை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். இருந்தும்
மேசையில் விரல் வைத்தால் ரேகை பதிகிறது.

கட்டபெட்டிலிருந்து அண்ணன் தம்பி வந்தார்கள்,
ஜோகி, பெள்ளி.
ஒரே ஃபேக்டரி, ஒரே சலிக்கும் அறை, ஒரே தேயிலைத் தூசு.
ஜோகிக்கு விடிந்தால் பதினேழு தும்மல்,
இருட்டினால் இழுப்பு. தலையணையை மடியில் வைத்து
உட்கார்ந்தே தூங்குகிறார்.
பெள்ளி அந்தத் தூசுக்குள்ளேயே டப்பா திறந்து
எலுமிச்சைச் சோறு சாப்பிடுகிறவர்.
"இவனுக்கு மூக்கே கிடையாது மேடம்" என்றார் ஜோகி,
பொறாமையோடு.

முன்கையில் பன்னிரண்டு சொட்டு, பன்னிரண்டு குத்து.
இருபது நிமிடம்.
சீகை வைத்த இடத்தில் ஜோகிக்கு
ஒரு ரூபாய் அகலம் தடித்தது.
பெள்ளி கையில் குத்தியதே தெரியவில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார்:
செல்லின் மேல் முளைத்த இதற்கு ஏற்பி என்று பேர்.
வருவது கிருமியா, வெறும் பூந்தூளா,
தடவிப் பார்த்துச் சேதி சொல்லும்.
அதைச் செய்யும் மரபணுவில்
சிலருக்கு ஓர் எழுத்து வேறாக இருக்கிறது.

எனக்குப் புரிந்தது இவ்வளவு:
நாலாம் வகுப்பில் 'வளி' எழுதச் சொன்னார்கள்.
நான் 'வலி' என்று எழுதினேன்.
காற்றை நினைத்துத்தான் எழுதினேன்.

கோவையிலிருந்து முடிவு வர ஆறு வாரம்.
அதற்குள் சீகை கொட்டி, வாசல் பழுப்பு.
ஜோகிக்கு எழுத்து மாறித்தான் இருந்தது.
பெள்ளிக்கும்.
அதே இடம், அதே எழுத்து.

குழாயை நான்தான் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று
பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினேன்.
இல்லை.
அறிக்கையின் கடைசி வரியில்
'ஒவ்வாமையோடு தொடர்பு இருக்கலாம்.'

லாம்.
அத்தனை பக்கமும் அந்த ஈற்றில்
ஒற்றைக் காலில் நிற்கிறது.

"அப்போ இது அப்பன் குடுத்ததா, ஃபேக்டரி குடுத்ததா?"
ரெண்டுமாக இருக்கலாம் என்றேன்.
ஜோகி சிரித்தார். சிரிப்பு பாதியில் தும்மலானது.

பெள்ளி சிரிக்கவில்லை.
பஸ்ஸுக்குப் போகிறவர்
பூ ஒன்றுகூட மிச்சமில்லாத அந்த மரத்தடியை விட்டு
சுற்றிப் போய்
வெயிலில் நின்றார்.