கே-பதினேழு, இடது முழங்கால்

குருத்தெலும்பு என்று பேர் வைத்தவர்
வாழையைப் பார்த்துவிட்டு வைத்திருப்பார்.
வெட்ட வெட்டக் குருத்து விடுமே, அந்த நினைப்பில்.
இது விடாது.
தேய்ந்தால் தேய்ந்ததுதான்.
அதனால்தான் எனக்கு வேலை.

டர்பன், உம்பிலோ சாலை, மூன்றாம் மாடி.
அறுவை அறையிலிருந்து சிறு போத்தலில் வந்தவை
நொய்யரிசி போலப் பன்னிரண்டு சீவல்.
சீட்டில்: ஆண், அறுபத்தொன்று, இடது முழங்கால்.
பேர் எழுதக் கூடாது.
துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரா,
மண்டியிட்டு ஜெபித்தே தேய்த்தவரா,
கால்பந்தா,
செல்லைப் பார்த்தால் தெரியாது.

நொதியில் இரவெல்லாம் கரைத்து,
சலித்து, சுழற்றி, அடியில் படிந்ததை
செம்பருத்தி நிற வளர்ப்புநீரில் விட்டேன்.
அதில் பத்து விழுக்காடு
பிறக்காத கன்றின் இரத்தநீர்.
வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புட்டியை
இடக்கையால்தான் எடுக்கிறேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

தட்டையான அடியில் ஒட்டியதும்
உருண்டையாய் இருந்தவை நீண்டு, கால் முளைத்து,
யாரோ ஆகிவிடும்.
பெருகும். குருத்தெலும்பு மட்டும் செய்யாது.
கடற்பாசிக் கூழ்மணிக்குள் தொங்கவிட்டால்
மறுபடி உருளும், பழைய வேலை
ஞாபகம் வரும், சிலவற்றுக்கு.

(இதைச் சொல்லப்போய், சங்கக் கூட்டத்தில்
அங்கமுத்து படையாச்சி எழுந்து
தமிழ் மறந்த பிள்ளைகளைப் பற்றி
அரைமணி நேரம் பேசினார்.
நான் காபி எடுக்கப் போனேன்.
செல் செல்தான், ஐயா.)

செவ்வாய் இரவு மின்வெட்டு, ஆறாம் கட்டம்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது.
"டீசல் இல்லை, சிஸ்டர்,"
காவலர் ம்லுங்கிசி டார்ச்சோடு வந்தார்.
அடைகாக்கும் பெட்டி முப்பத்தேழிலிருந்து இறங்கியது.
முப்பத்தாறு.
முப்பத்தைந்தரை.

மூடிகளை இறுக்கித் திருகி
இரண்டு குடுவையையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்தேன்.
என் உடம்பும் முப்பத்தேழுதான்.
வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

எதிரே அவரும் உட்கார்ந்தார்.
முழங்கால் சடக்கென்றது.
இருவருக்கும் கேட்டது.
இடதா வலதா, இருட்டில் தெரியவில்லை.
அறுவைக்கு வரிசையில் பேர் இருக்கிறதாம்,
மூன்று வருடமாக.

"இது எப்போது ஒருவர் காலுக்குள் போகும்?"
என் வயிற்றுப் பக்கம் டார்ச்சைக் காட்டிக் கேட்டார்.

இது போகாது, சும்மா பார்ப்பதற்கு,
என்று சொல்ல வேண்டியிருந்தது.
சொன்னேன்.

டார்ச்சை அணைத்தார். பேட்டரி மிச்சம்.