டி மைனரில் ஒரு ஈ

வேப்பேரி கோயிலில் ஏழரை மணி ஆராதனைக்கு
ஆர்கன் வாசிப்பவள் நான்.
மற்ற நாளெல்லாம் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில்
அக்கவுண்ட்ஸ்.

காணிக்கை எடுக்கையில் வாசிக்க ஒரு துண்டு உண்டு.
நாலு பக்கம், டி மைனர்.
எழுதியவர் யோஹான் மத்தியாஸ் ரோல்ஃபிங்க்.
கோயில்குட்டி ஞானாபரணத்துக்கு அவர் வெறும் மத்தியா,
சீட்டு விழுந்து அப்போஸ்தலன் ஆனவனின் பேர்.

எனக்கு வாய்த்தது ஜெராக்ஸ்.
எண்பத்தொன்றிலோ என்னவோ யாரோ எடுத்தது.
தடித்த புத்தகம், மூடி முழுக்க இறங்கவில்லை போல;
இராமபாணம் துளைத்த இடமெல்லாம்
கறுப்புப் பொட்டாக விழுந்திருந்தது.
அநேகமாக ஓரங்களில்.
ஒன்று மட்டும் மூன்றாம் பக்கம், இரண்டாம் வரியில்,
கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.
அதன் பெயர் ஈ.
சிரிக்காதீர்கள், ஸ்வரத்தின் பெயரே அதுதான்.

பதினேழு வருஷம் அந்த ஈயை வாசித்தேன்.
இருபுறமும் உரசும். பல் கூசும்.
மனுஷன் காரணமில்லாமலா வைத்திருப்பார் என்று
சுண்டுவிரலைக் கொஞ்சம் அழுத்தியே வைப்பேன்.

போன மாதம் நல்ல அச்சுப்பிரதி வந்தது.
முன்னுரை இரண்டே பக்கம், அதற்குள் அவர் ஆயுசு.
முப்பத்தெட்டு வருஷம் ஒரே கோயில்.
சம்பளம் இரண்டு வண்டி விறகு, பன்னிரண்டு மூட்டை தானியம்,
மெழுகுவத்திக்குப் பிடித்தம் போக.
துருத்தித் தோலை எலி தின்கிறதென்று
பூனை ஒன்றுக்குப் பால்படி கேட்டு
சபைக் கமிட்டிக்குப் பதினொரு கடிதம்.
பதினோராவதில் பூனையின் பெயரையும் எழுதியிருக்கிறார்.
சாங்ஷன் ஆனதாகத் தகவல் இல்லை.

பஞ்சப்படி நிலுவை எழுதுகிற கைக்கு
இந்த ஆளை உடனே தெரிந்துவிட்டது.

எட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேரின் அடக்க ஆராதனைக்கும்
அவரேதான் வாசித்தார்.
ஒரு வரி. அதற்கு மேல் முன்னுரையில் இல்லை.

மூன்றாம் பக்கம் புரட்டினேன், இரண்டாம் வரி.
அங்கே அவர் எதையுமே வைக்கவில்லை.

அந்த ஞாயிறு சரியாக வாசித்தேன்.
ஐப்பசி மழை, மரம் உப்பி
அழுத்திய கட்டைகளில் இரண்டு எழும்பவே இல்லை,
ஆனாலும் சரியாக.
காணிக்கைப் பை வரிசை வரிசையாய் நகர்ந்தது.
ஒரு தலையும் திரும்பவில்லை.

வெளியே மஸ்தான்,
சுவரோரம் ஆட்டோவில் கால் நீட்டிப் படுத்திருப்பவர்.
"இன்னாக்கா, நடுவுல ஒண்ணு இடிக்குமே,
இன்னிக்கி காணோம்?
அதுக்குத்தானே நான் முழிச்சிக்குவேன்."

புளியந்தோப்பு வரை அவர் ஆட்டோதான்.
வழியெல்லாம் முழங்கால் தண்ணி.
நான் எலிகளைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்,
பால் கிடைக்காத லீஸல் என்ற பூனையைப் பற்றியும்.

ராத்திரி பென்சில் எடுத்து
புதுப்பிரதியில், கோட்டின் மேல்,
ஒரு பொட்டு.
பக்கத்தில் இனிஷியலும் தேதியும், ஆபீஸ் பழக்கம்.
ஆடிட்டுக்கு யார் வந்து கேட்டாலும்
சொல்லிக்கொள்கிறேன்,
சீட்டு விழுந்தது என்று.