இருபத்தைந்து வெள்ளிக்கு ஒரு சுவர்

வாடகைக் காலணியைப் பெடலில் அழுத்தினேன்.
டக்கென்று பூட்டிக்கொண்டது.
வண்டிக்கு பிரேக் இல்லை.
கேட்டுப் பார்த்தேன்,
மணிகூட இல்லையாம்.

யாமினிதான் இழுத்து வந்தாள்,
பேக்கிங் பிரிவு யாமினி.
இருவராய்ப் போனால் தலைக்கு ஐந்து வெள்ளி குறைவு,
வா என்றாள்.
இரவு ஷிப்ட் முடிந்து
ஆளுக்கொரு ரொட்டி சானாய் பசியாறி
விரலில் ரப்பர்பால் வாடை போகாமலே
நீலாய்க்கு வெளியே, செம்பனைக்கு அப்பால்
கவிழ்த்த சட்டிபோல் கிடக்கும்
கட்டடத்துக்குள் நுழைந்தோம்.

உள்ளே குளிர். புதுப்பலகை வாசம்.
மரத்தை வளைத்துச் சுவராக்கி
அதைச் சாலை என்கிறார்கள்.
கீழே நின்று அண்ணாந்தால்
மழை நாளில் லாரி ஏற மறுக்கும்
பதினாறாம் நம்பர் மேடு.
அங்கே ஏறவேண்டியது குலைகள்.
இங்கே நான்.
அறுபத்தெட்டுக் கிலோ, காலணி தனி.

பயிற்சி தரும் ஷுஹாடாவுக்கு
இருபது வயதிருக்கும். பல்லில் கம்பி.
'காக், பயந்தால் வேகம் குறையும்,
வேகம் குறைந்தால் சறுக்கும்' என்று
மலாயில் சொல்லிவிட்டு
மதியம் மழை வரும் என்பதுபோலச் சிரித்தாள்.
பயப்படாதீர்கள் என்றிருந்தால்
நம்பியிருக்க மாட்டேன்.
இது கணக்கு.
கணக்கென்றால் சரி.

கைப்பிடிக் கம்பியை விட்டேன்.

வெளிர்நீலப் பட்டை, அப்புறம் கறுப்புக் கோடு,
மேலே சிவப்பு, இன்னும் மேலே நீலம்.
முதல் சுற்று தரையோடு தரையாக.
வளைவு வந்ததும் காலுக்கு ஓய்வு கொடுத்தேன்,
அதுதானே எனக்குத் தெரிந்த சைக்கிள்.
இந்தப் பெடலுக்கு ஓய்வு தெரியாது.
சக்கரம் சுற்றும்வரை அதுவும் சுற்றும்;
நின்ற காலை உதறி
என்னையே இருக்கையிலிருந்து தூக்கியது.

'ஜாங்கான் பெர்ஹெந்தி!'
எங்கிருந்தோ ஷுஹாடா.
நிறுத்தாதே.

நிறுத்து என்றவர்களை எனக்குத் தெரியும்.
படிவம் மூன்றோடு பள்ளியை,
பரிசம் போட்டதும் பூப்பந்தை,
இரண்டாவது பிள்ளையோடு
சத்தமாகச் சிரிப்பதை.
நிறுத்தாதே என்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்துவது
இதுதான் முதல் தடவை.

இல்லை, பொய்.
லைன் மேற்பார்வையாளர் தினமும் கத்துகிறார்.
அது வேறு.

நான்காம் சுற்றா, ஐந்தா,
எண்ணுவதை விட்டிருந்தேன்.
வலது முழங்கை அருகே சுவர் எழும்பி வந்தது.
கறுப்பைத் தாண்டினேன்.
டயர் பலகையில் கீச்சென்றது,
அல்லது நான்.
சிவப்புக் கோட்டின் மேல்
வண்டி தானாக நின்றது போலிருந்தது,
அத்தனை வேகத்தில்.

சாய்ந்ததாகவே தெரியவில்லை.
நடுத்திடலில் யாமினிதான் சாய்ந்து நின்றாள்.
அவள் தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள்,
கடிகாரம், கூரை,
ஷுஹாடாவின் கம்பிப்பல் சிரிப்பு
எல்லாமே ஒரு பக்கமாய்ச் சரிந்து
விழாமல் நின்றன.
நான் மட்டும் நேராக.

நீலக் கோட்டுக்குப் போகவில்லை.
போக நினைத்தேன்,
நினைத்த நேரத்தில் கால் ஒரு நொடி யோசித்தது,
இறங்கிவிட்டேன்.

நிறுத்துவதுதான் பெரும்பாடு.
காலால் மெல்ல மெல்லச் சக்கரத்தோடு வாதாடி
கம்பியைப் பிடிக்க மூன்று சுற்று.
இரண்டு முறை கை நழுவியது.
யாமினி தன் முறையில் வளைவில் மெதுவாய் யோசித்து
முழுச்சுவரும் வழுக்கிக்கொண்டே வந்தாள்.
முழங்கையில் ஒரு சிராய்.
எடுக்க விடவில்லை.
புருஷனிடம் காட்டவேண்டுமாம்.

இரவு பத்து மணி. இரண்டாம் லைன்.
சங்கிலியில் பீங்கான் கைகள் வருகின்றன,
பாலில் முங்கி, அடுப்பில் காய்ந்து,
விரல் கீழே தொங்க
ஒன்றன்பின் ஒன்றாய்.
பதினோரு வருடமாய் ஓட்டை மட்டும் தேடிய கண்
இன்று கோடியில் போய் நின்றது,
சங்கிலி திரும்பும் இடத்தில்.

அங்கே ஒவ்வொரு கையும்
கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து
எதையும் பிடிக்காமல்
வளைந்து போகிறது.

மேசைக்கடியில்
என் வலது கால்
பெடலைத் தேடுகிறது.