மூன்றாவது முள்

லிமிங்கா விரிகுடாவில் ஜூலை கடைசி.
இரவு பத்து மணிக்கும் இருட்டத் தோன்றவில்லை வானத்துக்கு.
என் நிழல் கோரைகளைத் தாண்டி
நீர்வரைக்கும் நீண்டு கிடக்கிறது.

வலையை நூறுதரம் வீசினேன்.
கொசு, கொசு, ஒரு சிலந்தி, மறுபடி கொசு.
வைக்கோல் துணுக்கென்று உதறப்போன ஒன்று
நடந்தது.

புல் நாவாய்ப்பூச்சி.
நெல்லுமி நீளம், அதில் கால்வாசி அகலம்.
பால்பிடித்த கதிரில் ஊசிவாயைச் செருகி
உறிஞ்சிவிட்டுப் போகும்; உள்ளே பதர்.
நிறத்தை நம்பி இதற்குப் பெயர் வைக்க முடியாது.
இப்போது வைக்கோல்;
பனிக்கு அடியில் பிழைத்துக் கிடந்து எழுந்தால்
வசந்தத்தில் பச்சை.

தொடையைத்தான் பார்க்க வேண்டும்.
பின்னங்கால், முழங்காலுக்குச் சற்று முன்னால்.
முள் இரண்டென்றால் எங்கும் கிடைப்பது.
மூன்றென்றால் மற்றது,
இந்தக் கரையில் பதினொரு கோடையாக
என் வலைக்குள் வராதது.
வந்தால் இந்தக் கீற்று நிலத்தை
செப்டம்பர்வரை அறுக்கக் கூடாது.
ஒப்பந்தத்தில் என் கையெழுத்து, தௌனோவின் கையெழுத்து.

குடுவையைத் திருப்பினேன். இரண்டு.
இன்னொரு பக்கம். இரண்டு,
அப்புறம் ஒரு சந்தேகம்.

தௌனோ டிராக்டரை அணைக்காமல் காத்திருந்தான்.
ஹெக்டேர் கணக்கில் கூலி. விடிந்தால் மழை.
"கொஞ்சம் உன் கண்ணைக் கொடு."
டீசல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.
லென்ஸைச் செய்தித்தாள்போல எட்டப் பிடித்தான்,
நான் கண்ணருகே தள்ளிவிட்டேன்.
மூச்சை நிறுத்திக்கொண்டான்.

"மூணு."

"நிச்சயமா?"

"எனக்கே நஷ்டம் வர்ற கணக்கை
நான் ஏன் பொய்யாச் சொல்லணும், இர்மெலி?"

அப்போது அந்தப் பூச்சி
ஒரு காலால் இன்னொரு காலை வழித்தது,
மழையில் வந்தவன் வாசலில் பூட்ஸைத் தேய்ப்பதுபோல.
மூன்றாவது முள் உதிர்ந்து
கண்ணாடியில் ஒட்டியது:
நரிவால் புல்லின் ஒரு மயிர்க்கூர்.

இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.
டிராக்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஏட்டில் எழுதினேன்: பெண், ஒன்று. முள், இரண்டு.
பென்சிலை அழுத்தியதில்
அடுத்த பக்கத்திலும் இரண்டு.

"சரி, அறுக்கலாம்," என்றேன்.
அவன் தலையாட்டி ஏறி உட்கார்ந்தான்;
காலடியில் இருந்த கீற்றை விட்டுவிட்டு
அரை மைல் தள்ளி, தூரக்கோடியில்
கத்தியை இறக்கினான்.

மூடியைத் திறந்தேன்.
அது அவசரப்படவில்லை.
விளிம்பில் நின்று உணர்கொம்புகளை
ஒவ்வொன்றாக நீவிக்கொண்டு
பக்கத்துத் தாளில் ஏறியது.

எந்தத் தாள் என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.