சோளகத்தில் வெடித்தது

இரவு இரண்டேகாலுக்குப் படார் என்றது.
அவரும் நானும் சீமெந்து நிலத்தில்
குப்புறக் கிடந்தோம், காதைப் பொத்தியபடி.
மூன்றாம் ஆண்டு படிக்கிற மகள்
கட்டிலில் எழும்பியிருந்து கேட்டாள்:
"ரெண்டு பேரும் என்ன தேடுறீங்கள்?"

சுவரில் மாட்டியிருந்த கிற்றார்.
கம்பி கட்டும் பாலத்தின் கீழிருந்து விளிம்புவரை
நகம் நுழைகிற அகலத்துக்குப் பிளந்திருந்தது.
ஒரு மாதமாய்ச் சோளகம். மேலே தகரம்.
மரத்தில் மிச்சமிருந்த ஈரமும் போயிற்று.

வவுனியாவில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினது.
"ஒரு கீறல் இல்லாத சாமான்" என்று
பாடகர் குழு முழுக்கச் சொல்லித் திரிந்தவர்
விடியும்வரை கதிரையில் இருந்து தாடையைத் தடவினார்.
மரவேலை எங்கள் இருவருக்கும் வராது.
எனக்குக் காயம் கட்ட வரும்.
முழங்காவில் ஆசுப்பத்திரியில் பதினொரு வருசம்.

தடித்த கம்பியில் தொடங்கி ஆறையும் தளர்த்தினேன்.
சவர்க்காரப் பெட்டியில் ஓட்டை குத்தி,
நனைத்த பஞ்சு வைத்து,
வட்டத் துளைக்குள் இறக்கி,
பொலித்தீனால் வாயை மூடினேன்.
மூன்று இரவு.
காலையில் தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் பார்த்தேன்.
குடிக்கிறதா?
குடித்தது. நாலாம் நாள்
பிளவு மயிரிழை.

சிறிஞ்சில் மரப்பசை.
உள்பக்கம் பார்க்க
மகளின் பவுடர் டப்பாக் கண்ணாடியை விட்டு
ரோச் அடித்தேன்.
அங்கே எனக்கு முதலே ஒரு கை வந்து போயிருந்தது.
மற்றப் பக்கத்தில், வெளியே தெரியாத பழைய வெடிப்பு.
அதன் குறுக்கே
ஐஸ்பழத் தடியை நறுக்கி ஏழு தையல்,
ஒரே இடைவெளியில்.
ஓரங்களைக்கூடத் தேய்த்து விட்டிருந்தது.
அவசரப்படாத ஆள்.
எந்த ஊரில், எந்த வருசம், எதற்குள் இருந்துகொண்டு
இவ்வளவு ஆறுதலாய் ஒட்டினாரோ.

நான் நாலு தையல் போட்டேன். என்னுடையவை கொஞ்சம் கோணல்.
பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாய் வெட்டி
உடம்பைச் சுற்றி இறுக்கினேன்.
"உள்ளுக்கு என்ன இருக்கு?" என்றார்.
"ஒண்டுமில்லை. தூசி."
கீறல் இல்லாத சாமான்தானே.

ஞாயிறு பூசைக்கு முதல்நாள் கம்பி ஏற்றினோம்.
அவர் முறுக்க, நான் வெடிப்பில் விரல் வைத்திருந்தேன்,
நாடி பார்ப்பதுபோல.
ஐந்தாம் கம்பிக்கு
மரம் ஒருக்கா முனகியது.
அவரும் நானும் நிலத்தைப் பார்த்தோம்.
மகள் எங்களைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றேன்.
முறுக்கினார்.